பாடப்படாத ஆறு



சென்ற வியாழக்கிழமை, கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்திற்கு, நோயுற்றிருக்கும் நம் சபைப் பெரியவர் ஒருவரைக் காணச் சென்றேன். முந்தின இரவு பெங்களூரு பக்கம் நல்ல மழை. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். தரைப்பாலத்தை நெருங்கியபோது வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆள் உயரத்திற்கு வெண்ணுரை அதை மூடிக் கிடந்தது. காற்று வீசும்போதெல்லாம் நுரை துண்டு துண்டாகப் பிய்ந்து பறந்து, கரையோரத்துக் காய்கறித் தோட்டங்களின் மேல் அமர்ந்தது. சாக்கடையும் சோப்பும் கலந்த நாற்றம். பள்ளிச் சிறுவர் இருவர் அதன் முன் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை.

வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு பெரியவர் வீட்டை அடைந்தேன். ஜெபித்து முடித்த பின் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. என் பேரன் ஒரு பாட்டு எழுதிக்கிட்டு வந்தானே, அதை ஏன் கோயில்ல பாட விடல?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியே இந்த வாரத் தியானமாக உங்கள் முன் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு முறையில் வேலை செய்துவந்த அந்த வாலிபன், இரவு வேலை முடித்த கண்களோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். தென்பெண்ணையைக் குறித்துத் தானே எழுதி இசையமைத்த பாடல் என்றான். நம் கீர்த்தனைகளைப் போன்றது அல்ல அது. தாளம் வேகமாக இருந்தது, குரலில் கோபம் இருந்தது. தன் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற ஆற்றில் இன்று கால் நனைக்கவும் முடியவில்லை என்பதே அதன் பொருள். முழுவதும் கேட்டேன். பின்பு, "தம்பி, நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஆராதனைக்குரிய பாடல் அல்ல. பண்டிகை நாளில் நன்றி செலுத்தும் பாடல் ஒன்றைப் பாடு" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு போனான். அந்தப் பண்டிகைக்கு அவன் வரவில்லை. சில மாதங்களில் வேலை மாறிப் பெங்களூருக்கே சென்றுவிட்டான்.

நான் சொன்ன காரணம் உண்மையான காரணம் அல்ல என்பதை இன்று அறிக்கையிடுகிறேன். நம் சபையில் பாதிக் குடும்பங்கள் சிப்காட் வளாகத்தை நம்பிப் பிழைக்கின்றன. ஆற்றைப் பற்றிப் பாடினால் அது ஆலைகளைப் பற்றிய பேச்சாகும், ஆலைகளைப் பற்றிய பேச்சு சபைக்குள் பிரிவினையாகும் என்று அஞ்சினேன். துதியின் பெயரால் என் அச்சத்தை மறைத்தேன்.

இந்த நாட்களில் தூர தேசத்து ஆறு ஒன்றின் வரலாற்றைப் படித்தேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரின் நடுவே ஓடி ஈரி ஏரியில் கலக்கும் குயஹோகா என்னும் ஆறு. உருக்காலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அதன் கரைகளை நிறைத்திருந்தன. ஒரு நூற்றாண்டு காலம் அவற்றின் கழிவெல்லாம் அதில்தான் விழுந்தது. 1868 முதல் அந்த ஆறு பத்து முறைக்கும் மேல் தீப்பிடித்து எரிந்தது என்றால் நம்புவது கடினம். தண்ணீர் எரியவில்லை, தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெய் எரிந்தது. 1969 ஜூன் 22, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன், மக்கள் ஆலயங்களில் இருந்திருக்கக்கூடிய அந்த வேளையில், ஆறு மீண்டும் பற்றிக்கொண்டது. அரைமணி நேரத்திற்குள் தீயை அணைத்துவிட்டார்கள். இரண்டு ரயில் பாலங்கள் சேதமடைந்தன. உள்ளூர் நாளிதழ்கள் அதைப் பெரிதாக எழுதவில்லை. ஆறு எரிவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்பானவர்களே, இந்தப் பழக்கமே என்னை அதிகமாகக் கலங்கச் செய்தது. பாவத்தின் முதல் அடையாளம் கொடுமை அல்ல, பழகிப்போவதுதான்.

எனினும் அந்த நகரத்தார் எல்லாருமே உறங்கிக்கொண்டிருக்கவில்லை. தீ எரிவதற்கு முந்தின ஆண்டே, ஆற்றைச் சுத்தம் செய்ய 10 கோடி டாலர் கடன் பத்திரத்திற்கு வாக்களித்து இசைந்திருந்தார்கள். தீ எரிந்த மறுநாள் மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் செய்தியாளர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, அழுக்கு எங்கெங்கே விழுகிறது என்று காண்பித்தார். சில வாரங்களில் டைம் இதழ் அந்தச் செய்தியை நாடெங்கும் கொண்டுசென்றது. அதில் வெளியான படம் 1952-இல் நடந்த வேறொரு தீயின் படம் என்பது வேடிக்கையான உண்மை. 1969-இன் தீ படம் பிடிக்கும் முன்பே அணைந்துவிட்டிருந்தது.

பின்பு பாடல் பிறந்தது. 1972-இல் ராண்டி நியூமன் என்னும் பாடகர் 'பர்ன் ஆன்' என்ற பாடலை வெளியிட்டார். எரியும் ஆற்றை, ஒரு காதற்பாட்டுக்குரிய மென்மையான மெட்டில், மெல்லிய கேலியோடு பாடினார். 1986-இல் ஆர்.ஈ.எம். என்னும் ராக் இசைக்குழு அந்த ஆற்றின் பெயரையே தலைப்பாக வைத்து 'குயஹோகா' என்று பாடியது. நியூமனின் பாடல், கிளீவ்லாந்தின் பேஸ்பால் அணியைப் பற்றி 1989-இல் வந்த ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கிறது. நகரத்தின் வெட்கமே நகரத்தின் பாடலாயிற்று.

பாடல் ஆற்றைச் சுத்தம் செய்யவில்லை. அதைச் செய்தவை சட்டமும் பணமும் பல்லாண்டு உழைப்பும். 1972-இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்ததற்குக் குயஹோகாவின் தீயும் ஒரு தூண்டுதல். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2019-இல், அந்த ஆற்றின் மீனை உண்ணலாம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அப்படியானால் பாடல் என்னதான் செய்தது? மறக்க விடாமல் வைத்திருந்தது. அரைமணி நேரத்தில் அணைந்த தீயை அரை நூற்றாண்டு காலம் மனசாட்சியில் எரியவிட்டது.

இதைப் படித்தபோது, எரியும் தண்ணீர் நமக்கும் அயலானது அல்ல என்பது நினைவுக்கு வந்தது. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015-இலும் 2017-இலும் 2018-இலும் தீப்பிடித்த செய்திகளை நாம் படித்தோம். வேறு மாநிலத்துச் செய்தி என்று பக்கத்தைத் திருப்பினோம். ஆனால் பெல்லந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூரின் நீர் தட்சிண பினாகினியில் சேருகிறது. நந்தி மலையடிவாரத்தில் பிறக்கும் அந்தத் தட்சிண பினாகினிதான் எல்லை தாண்டி வந்ததும் தென்பெண்ணை என்று பெயர் பெற்று, கெலவரப்பள்ளியில் தேங்கி, கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் போய், கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அங்கே எரிந்ததும் இங்கே நுரைப்பதும் ஒரே தண்ணீர். வீடுகளின் சலவைத்தூளும் கழிவுநீரும் ஆலைக் கழிவும் அடியில் தங்கி, மதகு வழியே விழும்போது கடைந்த மோர்போலப் பொங்குகின்றன.

மேலே உள்ளவர்கள்மேல் பழி போடுவது எளிது. எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது என்று நாம் சொல்லலாம். ஆனால் நமக்குக் கீழேயும் ஊர்கள் உண்டு. ஓசூரின் சாக்கடை எங்கே போகிறது என்று அவர்கள் நம்மைக் கேட்டால் என்ன சொல்லுவோம்? ஆற்றங்கரையில் ஒவ்வொருவனும் ஒருவனுக்குக் கீழே இருக்கிறான், இன்னொருவனுக்கு மேலே இருக்கிறான்.

தமிழ்நாட்டிலும் ஒரு நீர்நிலைக்குப் பாடல் பிறந்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலையாறு கடலைத் தொடும் எண்ணூர்க் கழிமுகம். அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் சூழ, சாம்பல் படிந்து, மீன்பாடு குறைந்து, மீனவர் கண்முன்னே சுருங்கிக்கொண்டிருக்கும் இடம். அதற்காக 2017 பொங்கலையொட்டி 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளியானது. கபேர் வாசுகி சென்னைத் தெருத் தமிழில் எழுதினார். டி.எம். கிருஷ்ணா அதைக் கர்நாடக ராகங்களில், அந்தக் கழிமுகத்திலேயே நின்று பாடினார். சபாக்களில் ஒலிக்கும் ஆனந்தபைரவி சாம்பல் மேட்டில் ஒலித்தது. அது வெளிவந்த அதே மாத இறுதியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே புகுந்தது. பாடல் காயத்தை ஆற்றவில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் எண்ணூரை இனி வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் பார்க்க முடியாது.

அந்தப் பாடல் எடுத்துக்கொண்ட சொல்லைக் கவனியுங்கள். புறம்போக்கு என்பது முற்காலத்தில் வரி விதிக்கப்படாத, எல்லாருக்கும் பொதுவான நிலம். ஆறும் ஏரியும் மேய்ச்சல் வெளியும் அதில் அடங்கும். இன்று அது வசைச்சொல். யாருக்கும் சொந்தமில்லாதது எதற்கும் உதவாதது என்று நாம் எண்ணத் தொடங்கிய நாளில் சொல்லின் பொருளும் கெட்டது. நம் ஆண்டவரும் நகரத்திற்குள்ளே அல்ல, அதற்குப் புறம்பேதான் சிலுவையில் பாடுபட்டார். குப்பையும் குற்றவாளிகளும் ஒதுக்கப்படும் இடத்தை அவர் தமக்கென்று தெரிந்துகொண்டார். புறம்பே உள்ளதை அற்பமாக எண்ணும் உரிமை அவருடைய சீஷர்களுக்கு இல்லை.

வேதத்திலேயே ஆற்றங்கரையில் பிறந்த துக்கப் பாட்டு ஒன்று உண்டு. 137-ஆம் சங்கீதம். பாபிலோனின் ஆறுகளருகே சிறைப்பட்ட ஜனங்கள் தங்கள் வாத்தியங்களை மரங்களில் தூக்கிவைத்துவிட்டு அழுதார்கள். எங்களால் பாட முடியவில்லை என்று சொன்ன அந்தப் புலம்பலே பாடலாகி, பரிசுத்த வேதத்தில் இடம் பெற்றது. அதில் இனிமை மட்டும் இல்லை, கசப்பும் கோபமும் உண்டு. ஆராதனைக்குரியது அல்ல என்று தேவன் அதைத் திருப்பி அனுப்பவில்லை. நான் அனுப்பினேன்.

அன்று என்னை எச்சரித்த மூப்பர் ஒருவரின் சொல்லையும் நான் மறக்கவில்லை. "ஆலை இல்லாட்டி இந்த ஊர்ல சபையே இல்லை ஐயா" என்றார். அதில் உண்மை உண்டு. வானம் பார்த்த பூமியில் பசித்திருந்த குடும்பங்களுக்கு இந்த ஆலைகள் சோறு போட்டன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அந்த வாலிபனும் ஆலைச் சம்பளத்தில்தான் கிட்டார் வாங்கினான். ஆகவேதான் அவன் பாடல் பகைவனின் பாடல் அல்ல, வீட்டுப்பிள்ளையின் முறையீடு. சோறு போடும் கையைப் பார்த்து, தண்ணீரையும் காத்துத் தாருங்கள் என்று கேட்பது நன்றிகேடு ஆகாது. நன்றி செலுத்துவதும் புலம்புவதும் ஒரே பலிபீடத்தில் வைக்கத்தக்கவை. அறுப்பின் பண்டிகையில் நாம் படைக்கும் முள்ளங்கியும் தக்காளியும் எந்தத் தண்ணீரில் விளைந்தவை என்று கேளாமல் படைப்பதுதான் குறைவுள்ள காணிக்கை.

பெரியவரிடம், "நான் செய்தது தவறு" என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தான் ஞானஸ்நானம் பெற்ற நாளைச் சொன்னார். அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தனவாம். தண்ணீரிலிருந்து எழும்பியபோது கெண்டை மீன்கள் காலில் உரசினவாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. பின்பு, "அவனுக்கு ஒரு போன் போடுங்க ஐயா" என்றார்.

அன்று இரவே அவனை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பின்பு, "அந்தப் பாட்டு இப்போ முழுசா ஞாபகம் இல்லீங்க ஐயா" என்றான். என் ஒரு வார்த்தை எதை அழித்தது என்பதை அப்போது உணர்ந்தேன். "தாத்தாவிடம் வந்து உட்கார். அவர் சொல்லுவதைக் கேட்டு மறுபடியும் எழுது. பண்டிகைக்கு நான் காத்திருப்பேன்" என்றேன். பார்க்கிறேன் என்றான். வருவானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஆண்டு பண்டிகை ஆராதனையில் அவனுக்காக ஓர் இடம் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் சபையிலும் யாருடைய பாடலையாவது நீங்கள் உறைக்குள் போடச் சொல்லியிருந்தால், தாமதியாமல் அவரை அழையுங்கள்.

ஜெபம்: தண்ணீர்களை உண்டாக்கின பிதாவே, பழகிப்போன எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்களுக்குக் கீழே வாழ்கிறவர்களை நாங்கள் நினைக்கச் செய்யும். எங்கள் பிள்ளைகளின் புலம்பலைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.