பென்சிலில் இல்லாத ஊதா

பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே கொடைரோட்டில் இறக்கிவிட்டது. இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் போய்க் கொடைக்கானல் சேர வேண்டியவர்கள் ஸ்வெட்டரைத் தேட, நான் டீயைத் தேடினேன். சென்னையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவளுக்கு இங்கே ஒரு நோட்டும் நாலு கலர் பென்சிலும் போதும்.

சிறுமலைப் பக்கம் மெல்ல வெளுத்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு அக்கா பன்னீர் திராட்சைக் கூடையை இறக்கினார். கறுப்பு என்றுதான் நினைப்போம். மேலே சாம்பல் பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் ஊதா. அந்த ஊதா என்னிடம் இல்லை. பழத்தையே பேப்பரில் நசுக்கிவிட்டேன்.

"திங்கக் குடுத்தா இப்படிப் பண்றியே தாயி!"

சின்னாளப்பட்டி சுங்குடி ஒன்று எடுத்து வைத்திருப்பதாக அம்மா போனில் சொன்னாள். அதுவும் திராட்சை நிறமாம்.

நகக்கண்ணில் கறை இன்னும் போகவில்லை.