திரை இழுத்தவன்

நாம் பள்ளிச் சிறுவராய் இருந்த நாளில், திருநாவலூரிலிருந்து மிதிவண்டியில் உளுந்தூர்ப்பேட்டைக்குச் சென்று ஆங்கிலக் கௌபாய்ப் படங்கள் பார்த்ததுண்டு. வசனம் ஒன்றும் விளங்காது. ஆயினும் குதிரைப்படையின் ஊதுகொம்பு ஒலித்ததும் கொட்டகை அதிரக் கைதட்டுவோம். இறகு சூடிய செவ்விந்தியர் சரிந்து விழ விழ நமக்கு மகிழ்ச்சி. அவர்கள் தம் சொந்த மண்ணைக் காக்க நின்றவர்கள் என்பதை எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அத்திரைத் தலைவர்களுள் பலர் செவ்விந்தியரே அல்லர் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். 1950-இல் வந்த 'புரோக்கன் ஆரோ' படத்தில் அப்பாச்சி தலைவர் கொச்சீஸாக நடித்த ஜெஃப் சாண்ட்லர், நியூயார்க் நகரத்து யூதர். 1956-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் கொமாஞ்சி தலைவனாக வந்த ஹென்றி பிராண்டன் பெர்லினில் பிறந்தவர். அவருக்குப் பின்னே குதிரையேறி வந்த கூட்டத்தில்தான் நவஹோ பழங்குடியினருக்கு இடம் கிடைத்தது. உண்மை வரலாற்றில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த கறுப்பின மாட்டிடையரையோ அப்படங்களில் காண்பது அரிது. 1960-இல் வந்த 'சார்ஜன்ட் ரட்லெட்ஜ்' படத்தின் கதை வுடி ஸ்ட்ரோட் என்னும் கறுப்பின நடிகரைச் சுற்றியே நடக்கிறது. எனினும் நடிகர் வரிசையில் முதற்பெயர் வெள்ளையருடையது.

இவ்வழக்கம் நம் பக்கத்துக்கும் வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கருடன் சேர்ந்து 1952-இல் எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில் இந்திய இளவரசியாக நடித்தவர் மேரி வின்ட்சர் என்னும் அமெரிக்க நடிகை.

அந்தச் சேலத்துக்கும் நமக்கும் இடையே கல்வராயன் மலை நிற்கிறது. அம்மலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் நம்மோடு விடுதியில் தங்கிப் படித்தான். அவ்வாண்டு விழா நாடகத்தில் மலைவாசித் தலைவன் வேடம் ஒன்று இருந்தது. அதை அவனுக்குக் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. நம்மில் ஒருவனுக்குக் கரி பூசி, கோழி இறகு செருகி, பொருளற்ற கூச்சல்களைப் பேச வைத்தோம். அவனைத் திரை இழுக்க நிறுத்தினோம். நாடகம் முடிந்ததும் அவன் கேட்டான்: "தலைவர் பேசினது எந்த ஊர்ப் பேச்சு?"

நாம் சிரித்தோம். அவன் பேசியது நம் தமிழ்தான். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்பது அம்மக்களின் வழிவழிச் செய்தி. ஒரே அறையில் உறங்கியும் அவற்றை நாம் கேட்டறியவில்லை.

நம் ஊரில் பிறந்த சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் வேடராகிய கண்ணப்பரையும் மீனவராகிய அதிபத்தரையும் பெயர் சொல்லி வணங்கினார். அவ்வூர்ப் பிள்ளைகளாகிய நாம் அச்சிட்ட நாடக அழைப்பிதழில் ஒப்பனை செய்தவர் பெயரும் இருந்தது, விளக்குப் பிடித்தவர் பெயரும் இருந்தது. திரை இழுத்தவன் பெயரை மட்டும் நாம் சேர்க்கவில்லை.