விரதமும் எடையும்

ஆடி பிறந்துவிட்டால் உடப்பில் அடுப்புகளின் போக்கே மாறிவிடும். திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்புக்கு நேர்ந்துகொண்ட இல்லங்களில் மீன் வாடை இராது. கடலை நம்பி வாழும் ஊரொன்றில் மீனை விலக்கியிருப்பது எளிய காரியமன்று. வைத்தியர் பத்து முறை சொல்லியும் சோற்றைக் குறைக்காத நம் பெண்மணிகள், அம்மனுக்கென்றால் ஒரு வேளை உணவோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மனவலிமையை நாம் வியந்ததுண்டு. இத்தனை வலிமை இருந்தும் அவர்களது உடல் ஏன் மெலியவில்லை என்று வியந்ததும் உண்டு.

விடை சமையலறையில் இருக்கிறது. பகல் முழுதும் பட்டினி. மாலையானதும் பாலும் பழமும், சர்க்கரைப் பொங்கலும், மோதகமும், வடையும். பகலில் விட்டது இரவில் வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்துவிடுகிறது. பிரசாதம் என்று நீட்டினால் வேண்டாமென மறுக்கும் துணிவு யாருக்கு உண்டு?

முன்னாளில் இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. மீனைத் தரம் பிரிப்பதும், உப்பிட்டுக் கருவாடு உலர்த்துவதும், குடத்தில் நீர் சுமப்பதுமாகப் பெண்களின் பொழுது உழைப்பிலே கழிந்தது. இன்று பல வீடுகளில் நீர் குழாயில் வருகிறது. சந்தைக்குப் போக முச்சக்கர வண்டி வாசலில் நிற்கிறது. உழைப்புக் குறைந்தது, உண்ணும் அளவு குறையவில்லை. தெற்காசியப் பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே நீரிழிவைக் குறித்து எச்சரிக்கை வேண்டுமென்பது மருத்துவர் கணக்கு. எத்தனை வீடுகளில் அளவுநாடா தையற்பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறது?

சிலாபத்தில் வாழும் நம் தமக்கையாருக்கு நீரிழிவு கண்டு சில ஆண்டுகளாயின. தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி வைத்தியர் சொன்னார். "வேலையில்லாமல் தெருவிலே நடந்தால் சனம் என்ன சொல்லும், தம்பி?" என்று கேட்டார் தமக்கையார். அயல்வீட்டு அம்மையார் ஒருவர்தாம் வழி காட்டினார். முன்னேஸ்வரத்திற்குப் போய்ப் பிரகாரத்தைச் சுற்றினால் யார் என்ன சொல்வார்கள்? நடைப்பயிற்சிக்கு நாணியவர் பிரதட்சிணத்திற்கு நாணவில்லை. இப்போது நால்வராகச் செல்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இது நமக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 16 தேவாலயங்களைச் சேர்ந்த, 40 வயது கடந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கப் பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்து, 2001இல் வெளியாயிற்று. சில தேவாலயங்களில் உணவையும் உடற்பயிற்சியையும் பற்றிய வகுப்புகள் மட்டும்; சிலவற்றில் அவற்றோடு பிரார்த்தனையும் சேர்ந்தது. ஓராண்டில் சராசரியாகக் குறைந்த எடை ஏறக்குறைய ஓர் இறாத்தல்தான். மாணவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் தாமாகவே பயிலும்படி விடப்பட்டவர்களுக்கு அதுவும் குறையவில்லை. சுவையான செய்தி வேறொன்று உண்டு. பிரார்த்தனை சேர்க்கப்படாத வகுப்புகளிலும் அப்பெண்கள் தாமாகவே பிரார்த்தனையைக் கொண்டு வந்துவிட்டார்கள்! ஆகவே இரண்டு வகைக்கும் வேறுபாடு காண இயலாமற் போயிற்று.

ஒரு செய்தியை மட்டும் கண்டிப்புடன் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர் முழுப்பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி அபாயகரமாகத் தாழ்ந்துவிடக் கூடும். கந்தசஷ்டியானாலும் புத்தளத்துச் சகோதரர்களின் ரமழான் நோன்பானாலும் முன்கூட்டியே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டறிதல் வேண்டும். மயங்கி விழும்படி எந்த அம்மனும் கேட்டதில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை தமக்கையாருடன் நாமும் கோயிலுக்குச் சென்றோம். பதினொரு சுற்று முடித்துத் திண்ணையில் அமர்ந்தவரிடம் மோதகம் வந்தது. கண்களில் ஒற்றிக்கொண்டு, ஒரு விள்ளல் பிட்டு வாயிலிட்டார். எஞ்சியதை நம் கையில் வைத்துவிட்டு, "நீ சுற்றினது மூன்றுதான், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்" என்றார்.