எண்ணெய்க் கம்பியும் என் அவசரமும்

மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கும் மோட்டார் என்ஜினுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அந்த உறவு நான் விரும்பித் தேடியதன்று. 2016ஆம் ஆண்டு என் அக்காவின் கணவர் விடுமுறை முடிந்து சவூதிக்குத் திரும்பியபோது, தம்முடைய பழைய மாருதி 800 காரை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். "மாப்பிள்ளை, வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்க. ஆயிலை மட்டும் மறக்காமப் பாருங்க" என்பதுதான் அவர் சொல்லிச் சென்ற ஒரே வேண்டுகோள்.

பிறர் பொருள் நம் கையில் இருந்தால் அது அமானிதம் அல்லவா? ஆகவே நானும் கவனமாகவே இருந்தேன். ஆனால் கவனம் வேறு, அறிவு வேறு என்பதை அப்போது உணரவில்லை. கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். என்ஜினைப் பற்றி அறிந்ததெல்லாம், பானட்டைத் திறந்தால் வளையம் போன்ற பிடியுடன் ஒரு கம்பி இருக்கும், அதில் இரண்டு கோடுகள் இருக்கும், எண்ணெய் அவ்விரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே.

அடுத்த ஆண்டு அம்மாவின் கண் பரிசோதனைக்காக மதுரை செல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊர் உத்தமபாளையம். மதுரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். முதல் நாள் அஸருக்குப் பின் காரை ஊரிலுள்ள பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோய்ப் பழைய எண்ணெயை இறக்கிப் புதிய எண்ணெய் ஊற்றச் செய்தேன். வேலை பார்த்த பையன் என்னிடம் அலிஃப், பே படித்தவன். மதரஸாவில் துடுக்கானவனாக இருந்தவன், பட்டறையில் அமைதியாகிவிட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி உயரத்தில் கட்டப்பட்டது. வாசலில் சிமெண்டுச் சரிவு உண்டு. வண்டியை அச்சரிவில் ஏற்றி நிறுத்தி, என்ஜினை அணைத்து, அணைத்த கையோடு பானட்டைத் திறந்து கம்பியை உருவினேன். துடைத்து மீண்டும் செருகி எடுத்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டைக்கூட எட்டவில்லை!

முழு அளவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு குறைவாக ஊற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். நடந்தே பட்டறைக்குப் போனேன். அங்கே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "அளவில் மோசம் செய்யலாமா? இதையா நான் உனக்குக் கற்றுக் கொடுத்தேன்?" என்று கேட்டேன். "பார்த்துத்தான் ஊத்தினேன் ஹஜ்ரத்" என்று ஒருமுறை சொன்னான். பிறகு பேசவில்லை. பட்டறைக்காரர் அவனை முறைத்துப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு லிட்டர் டப்பா எடுத்து என்னிடம் நீட்டினார். வீட்டுக்கு வந்து, அதே சரிவில், முழுவதையும் ஊற்றினேன். இப்போது கம்பி மேற்கோட்டைத் தொட்டது. மனம் நிறைவடைந்தது.

மறுநாள் பஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சின்னமனூர், தேனி கடந்து ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது பின்னால் நீலப் புகை தொடர்ந்து வந்தது. என்ஜின் முக்கி முனகியது. அம்மா பின்னிருக்கையிலிருந்து, "ஏதோ தீயுதே தம்பி" என்றார்கள். கணவாயை எப்படியோ தாண்டிச் சாலையோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். அங்கிருந்த முதியவர் வண்டியைச் சமதரைக்குத் தள்ளச் சொன்னார். பிறகு பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பார்க்கவில்லையா?" என்றேன். "எண்ணெய் இறங்கட்டும் பாய்" என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கூறியதை எந்தப் பள்ளியிலும் நான் படித்ததில்லை. என்ஜின் ஓடும்போது பம்பு எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். அணைத்த உடனே அதில் ஒரு பங்கு மேற்பகுதியிலும் குழாய் வழிகளிலும் தங்கியிருக்கும். அடியிலுள்ள சேம்பருக்கு வடிந்து இறங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் கம்பியை எடுத்தால் குறைவாகவே காட்டும். வண்டி சாய்ந்து நின்றாலோ, சேம்பரில் உள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். கம்பி எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ காட்டும். நான் இரண்டு தவறுகளையும் ஒருசேரச் செய்திருந்தேன்.

பிறகு அவர் கம்பியை எடுத்துத் துடைத்து, அடிவரை செருகி, மீண்டும் எடுத்துக் காட்டினார். எண்ணெய் மேற்கோட்டையும் தாண்டி வெகு மேலே ஏறியிருந்தது. "குறைஞ்சா கெடுதின்னு எல்லாருக்கும் தெரியும் பாய். கூடினாலும் கெடுதிதான்" என்றார். எண்ணெய் மட்டம் மிக உயர்ந்தால் சுழலும் கிராங்க் அதைத் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடுமாம். நுரையைப் பம்பு உறிஞ்சினால் காற்றும் சேர்ந்து போகும். தேயும் பாகங்களுக்குரிய பாதுகாப்பு குறையும். மிகுதியான எண்ணெய் காற்றுப் போக்கு வழியே உள்ளே சென்று எரியும். நான் கண்ட நீலப் புகை அதுதான். அடி நட்டைத் தளர்த்தி மிகுதியை ஒரு டப்பாவில் பிடித்தார். ஏறக்குறைய ஒரு லிட்டர் இருந்தது. அந்தப் பையன் ஊற்றியது துல்லியமான அளவு!

அதன் பிறகு எனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. வெளியே எடுக்காத நாட்களில், காலையில் என்ஜினைக் கிளப்புவதற்கு முன் சமதரையில் வைத்துப் பார்ப்பேன். இரவெல்லாம் எண்ணெய் இறங்கியிருக்கும். சில வண்டிகளின் கையேட்டில் என்ஜின் சூடேறிய பின் அணைத்துச் சில நிமிடம் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அங்கே கையேடு சொல்வதே முறை. முதலில் உருவும்போது கம்பியின் மேற்பகுதியெல்லாம் எண்ணெய் பூசியிருக்கும், அதை நம்பக் கூடாது. நூல் உதிராத துணியால் துடைத்து இரண்டாம் முறை எடுப்பதே கணக்கு. கம்பியின் இரு பக்கமும் வேறுவேறாகக் காட்டினால் தாழ்ந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய எண்ணெய் தேன்போல் தெளிந்திருப்பதால் கோடு கண்ணுக்குப் புலப்படாது. வெள்ளைத் தாள் ஒன்றைப் பின்னால் பிடித்தால் தெரியும். எண்ணெய் மாற்றியவுடன் என்ஜினைச் சிறிது ஓட்டி, அணைத்து, பொறுத்துப் பார்க்க வேண்டும். புதிய பில்டர் தன் பங்கை உறிஞ்சிக்கொண்ட பிறகே மட்டம் நிலைக்கும். குறைந்திருந்தால் நூறு, இருநூறு மில்லியாக ஊற்றிப் பார்க்க வேண்டுமேயன்றி, என்னைப்போல் டப்பாவைக் கவிழ்க்கலாகாது. இரு கோடுகளுக்கும் நடுவில் நின்றாலே போதும்.

முன்பலகையில் சிவப்பாக எரியும் எண்ணெய் விளக்கை நம்பியிருக்கும் சகோதரர்களும் உண்டு. பெரும்பாலான பழைய வண்டிகளில் அது எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. அழுத்தம் குறைந்ததைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும்.

மதுரையிலிருந்து திரும்பும்போது மஃரிப் நெருங்கிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனேன். முதல் நாள் நின்றிருந்தவர்களில் இருவர் அங்கேயே இருந்தது ஒருவகையில் நல்லதாயிற்று. அவர்கள் எதிரிலேயே நடந்ததைச் சொல்லி, "தவறு என்னுடையது, என்னை மன்னித்துவிடு" என்று அவனிடம் கேட்டேன். அந்த ஒரு லிட்டருக்கான பணம் அவன் கூலியில் பற்று எழுதப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பணத்தைக் கொடுத்து, நோட்டில் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் அடித்தார்.

பையன் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றான். "இருக்கட்டும் ஹஜ்ரத்" என்றான். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்து, "அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.