அடிக்கிற பாட்டிக்கு எங்கே வலி?

திங்கள்

அடுத்தடுத்துப் போக வேண்டிய வீடுகளில் மூன்று பேர் மறதி நோய்க்காரர்கள். மூன்று வீட்டிலும் புகார் ஒன்றுதான்: "கையை ஓங்குறாங்க, கத்துறாங்க சிஸ்டர். தூங்குற மாத்திரை ஏதாவது குடுங்க."

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி தணிப்பு நர்ஸ் வேலை எனக்கு. புற்றுநோய்க்காரரிடம் கேட்டால் பத்துக்கு எட்டு என்று வலிக்கு மார்க் போட்டுச் சொல்லிவிடுவார். மறதி முற்றியவரிடம் அந்தக் கேள்வியே போய்ச் சேராது.

செவ்வாய், சின்னாளபட்டி

காலமெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்து நெய்த பாட்டி. நான் போனபோது கட்டிலில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப நல்லாத்தான் இருக்காங்க. குளிப்பாட்டத் தூக்கினாத்தான் அடி விழுது" என்றார் மருமகள்.

பெயினாட் தாளை எடுத்தேன். 2003-இல் அமெரிக்காவில் வார்டன், ஹர்லி, வோலிசர் ஆகியோர் வெளியிட்ட வலி அளவுகோல். மூச்சு, குரல், முகம், உடல், தேற்றினால் தேறுகிறாரா என ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். சாய்ந்திருக்கையில் பாட்டிக்கு 0. தூக்கச் சொன்னதும் முகம் கோணியது, வலது முழங்காலை இழுத்துக்கொண்டு மருமகளின் கையைத் தள்ளினார், முனகினார், மூச்சு வாங்கியது, தடவிக்கொடுத்ததும் கொஞ்சம் அடங்கினார். மொத்தம் 7. புடவையை விலக்கிப் பார்த்தால் முழங்கால் வீங்கியிருக்கிறது.

இந்த 7, புற்றுநோய்க்காரர் சொல்லும் 7 அல்ல. வலி இருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்கிறது. பயந்தாலும் இதே மார்க் வரலாம். வலியைக் குறைத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

வியாழன், நாகல் நகர்

சௌராஷ்டிரக் குடும்பம். தாத்தா அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறார், உட்காரவைத்தால் திட்டுகிறார். "வலிக்குதா ஐயா?" என்றேன், பதில் இல்லை. மகள் அவர்கள் பாஷையில் கேட்டதும் கை அடிவயிற்றுக்குப் போனது. தொட்டால் கல்லாக இருந்தது. மலம் போய்ப் பல நாளாம். தாளை எடுக்குமுன் கேட்க வேண்டும். அவர் வீட்டில் பேசிய பேச்சில், "இப்போ வலிக்குதா" என்று சின்னதாகக் கேட்க வேண்டும். நேற்றைய வலியை அவரால் நினைவில் வைத்திருக்க முடியாது.

சனி

நார்வேயில் நடந்த ஓர் ஆய்வை மறுபடி படித்தேன். 18 முதியோர் இல்லங்கள், மறதி நோயோடு அமைதியின்மையும் இருந்த 352 பேர். ஒரு பாதிக்கு எட்டு வாரம் படிப்படியாக வலி மருந்து. பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால். அந்தப் பாதியில் ஆர்ப்பாட்டம் குறைந்தது. 2011-இல் வெளிவந்தது. ஆனாலும் நம் வீடுகளில் தூக்க மாத்திரைதான் முதலில் வருகிறது. அதைக் கொடுத்தால் ஆள் அடங்குவார், வலி அடங்காது. முனகக்கூட முடியாதவரிடம் பிறகு எதைப் பார்த்து மார்க் போடுவது?

அடுத்த புதன்

சின்னாளபட்டிப் பாட்டிக்கு டாக்டர் நேரப்படி பாராசிட்டமால் எழுதியிருக்கிறார். குளியலுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு வேளை வருகிற மாதிரி. பிசியோதெரபி தம்பி தூக்கும் முறையைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். இன்று 3. சோப்பை மட்டும் தள்ளிவிடுகிறார்; அது வலியாக இருக்காது, பிடிக்கவில்லை போல.

வெள்ளி, வடமதுரை

மூன்றாவது வீடு. ஞாயிறு வரை நடந்த அப்பத்தா இப்போது காலை ஊன்ற மறுக்கிறார். "பிடிவாதம் சிஸ்டர்" என்றார் பேரன். வலது கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எங்கேயோ விழுந்திருக்கிறார், சொல்லத் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முறிவு.

2000-இல் நியூயார்க்கில் மாரிசனும் சியூவும் இதே முறிவுள்ளவர்களை ஒப்பிட்டார்கள். முற்றிய மறதிக்காரருக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்து, நினைவு தெளிவாக உள்ளவருக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. எலும்பு இருவருக்கும் ஒன்றுதான். கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்தது.

நம் சீட்டுகளில் வலி மருந்துக்குப் பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதுவது வழக்கம்: தேவைப்பட்டால் மட்டும். தேவை என்று இந்த அப்பத்தா எப்படிச் சொல்வார்? ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: "மறதி நோயாளி. கேட்கமாட்டார். வலி மருந்தை நேரப்படி கொடுக்கவும். புரட்டும்போது முகத்தைப் பார்க்கவும்."