ரெசின் தேடும் எளிய வழி

காற்றாலை இறக்கைகள், படகின் உடல் போன்ற பெரிய கூட்டுப்பொருள் பாகங்கள் பல இன்று வெற்றிட உட்செலுத்தல் முறையில் உருவாகின்றன. உலர்ந்த கண்ணாடி இழைத் துணிகளை அச்சின்மீது அடுக்கி, நெகிழிப் பையால் மூடிக் காற்றை உறிஞ்சினால், வளிமண்டல அழுத்தமே ரெசினை இழைகளுக்குள் தள்ளிவிடும். சொல்லும்போது இத்தனை எளிதாக இருக்கும் இம்முறை, ஆய்வகத்தில் மாணவரைத் திணறவைப்பது ஏன்?

விடையின் வேர் 1856-இல் இருக்கிறது. பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தை அமைத்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணலினூடே நீர் செல்லும் வேகத்தை அளந்து அவ்வாண்டில் ஒரு விதியை வெளியிட்டார். அவ்விதியை ரெசினுக்குப் பொருத்தினால், நிரம்பும் நேரம் தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளர்வது தெரியும். அரை மீட்டரை 10 நிமிடத்தில் கடக்கும் ரெசின், அதே நிலைமைகளில் ஒரு மீட்டரைக் கடக்க 40 நிமிடம் எடுக்கும். அதற்குள் அது இறுகத் தொடங்கினால், எஞ்சிய துணி உலர்ந்தே நின்றுவிடும். அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் இயலாது. கையிலிருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே.

ஆகவேதான் துணியடுக்கின் மேல் ஓட்ட வலை விரிக்கப்படுகிறது. ரெசின் வலையினூடே விரைந்து பரவி, பின்னர் கீழ்நோக்கி ஊறுகிறது. ஆனால் விரைவு மட்டும் போதாது. துணியின் விளிம்பை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் ரெசின் அவ்வழியே முந்தி ஓடி, வெளியேற்றுக் குழாயை அடைந்துவிடும். நடுவே உலர்ந்த தீவொன்று சிறைப்படும். அதில் எஞ்சிய காற்றுக்குப் போக்கிடம் இல்லை. வெளியேற்றுக் குழாயே ரெசின் கடைசியாகச் சேரும் இடமாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடம். வலையைக் குழாய்க்குச் சில சென்டிமீட்டர் முன்பே நிறுத்துவதும் இதற்காகவே. அங்கே ரெசினின் வேகம் தணிய, பின்தங்கிய பகுதிகள் நிரம்ப நேரம் கிடைக்கிறது. வால்வைத் திறந்தபின் திருத்தக் கூடியது சொற்பம். கட்டுப்பாட்டின் பெரும்பகுதி துணியை வெட்டும்போதே முடிந்துவிடுகிறது.

இது கைத்திறன் சார்ந்த செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. துணிகளின் ஊடுருவுதிறன் குறித்து 2011-இல் வெளியான பன்னாட்டு ஒப்பீட்டில், ஒரே துணியைத் தத்தம் முறையில் அளந்த ஆய்வகங்களின் முடிவுகள் ஏறத்தாழ பத்து மடங்கு வரை வேறுபட்டன. ஒரே நடைமுறையை வகுத்துக்கொண்டு அளந்த அடுத்த ஒப்பீட்டில் அவ்வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. பாடம் தெளிவு: கையாளும் விதம் எண்ணையே மாற்றிவிடுகிறது.

அப்படியிருக்க, பிறர் கட்டுரையிலிருந்து ஊடுருவுதிறனுக்கு ஓர் எண்ணை எடுத்துக் கணினிப் பாவனையில் இட்டு, நிரம்பும் நேரத்தை நிமிடத் துல்லியமாக அறிவிக்கும் ஆய்வேடு எதை நிறுவுகிறது? அடுக்குகளின் எண்ணிக்கை, இழைப் பருமப் பங்கு, ரெசினின் வெப்பநிலை, கசிவுச் சோதனையின் அளவு, விளிம்பை அடைத்த முறை ஆகியவற்றைப் பதியாத எண்ணுக்குப் பயன் குறைவு. உலர்ந்த தீவுடன் வெளிவந்த பலகையும் ஒரு தரவே. அதைக் குப்பையில் எறியுமுன், ரெசின் எவ்வழியே முந்தியது என்பதை ஒளிப்படத்துடன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் மாணவர், அடுத்து அதே துணியை வெட்டப்போகிறவருக்குப் பல வார உழைப்பை மிச்சப்படுத்துகிறார்.