டின் விழுந்தால் நிமிர்த்தி வைக்கலாம்

ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்கு 50 கிலோமீற்றர்கூட இல்லை. வன்னியில் என்றால் ஏ9 வீதியில் ஒரு மணித்தியாலத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மலையகத்தில் அந்தக் கணக்குச் சரிவராது. கொட்டகலையைத் தாண்டினால் டெவோன் நீர்வீழ்ச்சி, அடுத்து சென் கிளேயர் நீர்வீழ்ச்சி, பிறகு தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம், அதன்பின் லிந்துலை, நானுஓயா என்று பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மறுபக்கம் பள்ளம். எந்த நேரத்திலும் மூடுபனி வந்து முன்னால் போகும் பஸ்ஸை மறைத்துவிடும்.

இந்தப் பாதை எனக்குப் புதியது. என் குடும்பத்திற்குப் பழையது. லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த என் அம்மாயி, 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு பிள்ளைகளோடு லொறியொன்றின் பின்பக்கத்தில் ஏறி இந்த வழியால்தான் வந்து, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினார். "பொட்டலத்தையும் ஒங்கம்மாவையும் கட்டிப் புடிச்சிக்கிட்டு வந்தேன். ரோட்ட நான் பாக்கவே இல்ல" என்று சொல்வார். 2009 இல் நானும் உழவு இயந்திரப் பெட்டிக்குள் பின்பக்கம் பார்த்தபடி இருந்துதான் இடம்பெயர்ந்தேன். அம்மாயியும் சரி, நானும் சரி, யாரோ ஓட்டிய வாகனத்தில் ஏற்றப்பட்டவர்கள். எங்கே போகிறோம் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் சகோதரிகளே, வாகனம் ஓட்டப் பழகியதைப் பற்றி உங்களுக்கு எழுத நினைத்தேன்.

அனுமதிப்பத்திரம் இருந்தது, துணிவு இருக்கவில்லை

வேலை நிமித்தம் ஹற்றனுக்கு வந்தபோது என் கைப்பையில் சாரதி அனுமதிப்பத்திரம் ஆறு வருடங்களாகக் கிடந்தது. பரீட்சையில் சித்தியடைந்த பிறகு நான் ஓட்டியது மிகக் குறைவு. பின்னால் லொறி ஒன்று உறுமினாலே உள்ளங்கை வியர்த்துவிடும். அந்த இரைச்சல் எனக்கு வேறு நாட்களை ஞாபகப்படுத்தும். அது எது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒரு நாள் தாயொருவரையும் கைக்குழந்தையையும் கிளினிக்கிலிருந்து லயத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டியிருந்தது. எங்கள் வான் சாரதிக்குத் தோள் நோவு. "நீங்க ஓட்டுங்க மிஸ், நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். தோட்டப் பாதையின் ஏற்றத்தில் வளைவுக்குள் வைத்து இயந்திரம் நின்றுவிட்டது. வான் பின்னோக்கி உருளத் தொடங்கியது. என் கால் பிறேக்கைத் தேடவேயில்லை. நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு உறைந்து போயிருந்தேன். அவர்தான் ஹாண்ட் பிறேக்கை இழுத்தார். பின்சில்லு கானின் விளிம்பில் நின்றது. குழந்தை விழிக்கவுமில்லை. அந்தத் தாய் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்றும் மறக்கவில்லை.

இனி ஓட்டமாட்டேன் என்று அன்றிரவே முடிவெடுத்தேன். மறுநாள் அதை அவரிடம் சொன்னபோது, "ரோட்டுல பழகுனா தப்பு பண்ண எடமில்ல மிஸ். ஞாயித்துக்கிழம கிரவுண்டுக்கு வாங்க" என்றார்.

வெறும் டின்களால் ஒரு தடம்

எங்கள் சாரதியை எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் சித்திரைப் பருவத்தில் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்க்க நடந்தே போனவராம். 1934 இல் தொடங்கிய அந்தப் பந்தயம் இலங்கையின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களுள் ஒன்று. தேயிலைக்குள்ளால் ஏறும் தோட்டப் பாதையில் ஒவ்வொரு வாகனமாக விடுவார்கள். மேலே போய்ச் சேர எத்தனை செக்கன் என்பதே கணக்கு. பக்கத்தில் முந்துவதற்கு ஆள் இல்லை. கடிகாரத்தோடுதான் போட்டி.

இதே முறையில் சமதரையில் நடப்பது ஓட்டோகுரோஸ் எனப்படும். வெளியான மைதானத்தில் பிளாஸ்ரிக் கூம்புகளை வைத்து வளைவுகளை அமைப்பார்கள். ஒவ்வொருவராக ஓட வேண்டும். அமெரிக்காவில் கூம்பொன்றைத் தட்டினால் 2 செக்கன் தண்டமாகக் கூட்டப்படும். சாதாரண வீட்டுக் காரோடும் பங்குபற்றலாம் என்பதால் புதியவர்கள் தங்கள் ஓட்டத்தைத் திருத்திக்கொள்ள இது நல்ல பள்ளிக்கூடம்.

அண்ணேக்கு அந்தப் பெயர் தெரியாது. அனுமதி வாங்கிய தோட்ட மைதானத்தில், பிள்ளைகள் யாரும் இல்லாத காலை வேளையில், 14 வெறும் பெயின்ற் டின்களைப் பாம்பு ஓடிய தடம்போல அடுக்கி வைத்தார்.

முதலில் வாகனத்தில் ஏறவிடவில்லை. தடத்தை மூன்று தரம் நடக்கச் சொன்னார். எங்கே குறுகுகிறது, எங்கே தரை ஈரம், எந்த டின் முந்திய டின்னுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். பிறகு ஆசனத்தைச் சரிசெய்தார். முதுகு ஆசனத்தில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். நான் அதுவரை ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன், அம்மாயி பொட்டலத்தை அணைத்ததுபோல.

முதல் ஓட்டம் 96 செக்கன். ஐந்து டின்கள் விழுந்தன. அண்ணே ஒன்றும் பேசாமல் போய் அவற்றை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். "இன்னொரு தடவ" என்றார். அவ்வளவுதான்.

வாழ்க்கையில் முதற்தடவையாக நான் தவறு செய்தும் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. வாகனத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

நான் கற்றவை

முதலாவது பாடம் கண்ணுக்கு. விழக்கூடாது என்று டின்னையே பார்த்தால் சில்லு டின்னுக்குத்தான் போகும். "பள்ளத்தப் பாத்தா வண்டி பள்ளத்துக்குப் போகும் மிஸ். போக வேண்டிய எடத்தப் பாருங்க" என்றார் அண்ணே. கண் முன்னால் போகக் கை தானாகப் பின்தொடர்கிறது. இப்போதைய வளைவுக்குள் நுழையும்போதே அடுத்த வளைவைத் தேட வேண்டும்.

இரண்டாவது பாடம் பிறேக்குக்கு. ஒரு ரயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் முழு வாகனமும் நிற்கிறது. அந்தப் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. பிறேக்குக்கு முழுவதையும் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இராது. மாதச் சம்பளத்தைக் கடைக்கடனுக்கே கொடுத்தால் பிள்ளையின் கொப்பிக்குக் காசில்லாமல் போவதைப் போன்றது. ஆகவே நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு திருப்ப வேண்டும். வளைவு நிமிரும்போதுதான் அக்சிலேற்றரை மெதுவாக மிதிக்க வேண்டும். வளைவுக்குள் மெதுவாகப் போகிறவர்தான் வெளியே விரைவாக வருகிறார். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மூன்றாவது பாடம் கைக்கு. வெட்டித் திருப்பினால் வாகனம் திணறும். எண்ணெய் நிரம்பிய சட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல ஒவ்வொரு அசைவும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. விரைந்து ஓடியதாக நான் நினைத்த ஓட்டங்கள் எல்லாம் பிந்தியவை. ஒன்றுமே நடக்காததுபோல அமைதியாக முடிந்த ஓட்டங்களே முந்தியவை.

நான்காவது பாடம் மனதுக்கு. ஓர் ஓட்டத்தில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். இன்று கண், அடுத்த ஞாயிறு பிறேக். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த முயன்றால் எதுவும் திருந்தாது. நான் ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, செக்கன், விழுந்த டின், திருத்த வேண்டியது என்று நான்கு நிரல்கள் போட்டு எழுதினேன். சில ஞாயிறுகளில் நேரம் கூடியும் போனது. எட்டாவது ஞாயிறு 71 செக்கன், ஒரு டின்னும் விழவில்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தக் கொப்பியில் இருந்தது என் முதல் நாளும் என் எட்டாவது வாரமும் மட்டுமே.

சிலர் வாகனத்துக்கு அதைப் பூட்டு, இதை மாற்று என்று புத்தி சொன்னார்கள். அண்ணே மாற்றியது ஒன்றுமில்லை. ரயர்களின் காற்றைச் சரிபார்த்தார், தளர்ந்து கிடந்த பொருட்களை இறக்கினார். "மாத்த வேண்டியது ஓட்டுறவங்கள" என்று சிரித்தார்.

மகாகஸ்தோட்டையில் ஒரு பகல்

ஒரு விடுமுறை நாளில் மகாகஸ்தோட்டைப் பாதையைப் பார்க்கப் போனோம். பந்தய நாள் அல்ல. பாதையில் ஆரவாரம் எதுவுமில்லை. கொழுந்துக் கூடையோடு போன அக்காமார் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அந்த வளைவுகளை நடந்தே ஏறினேன். எங்கே பிறேக் பிடிப்பேன், எங்கே பார்ப்பேன் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

அப்போது நான் வாசித்த ஒரு பெண்ணின் கதையை அண்ணேக்குச் சொன்னேன். பிரான்ஸ் நாட்டின் மிஷேல் மூத்தோன் முதலில் பக்கத்து ஆசனத்தில் இருந்து வழிசொல்பவராகத்தான் ரலிப் பந்தயங்களுக்கு வந்தார். பிறகு ஸ்டியரிங்கைக் கையில் எடுத்தார். 1981 இல் இத்தாலியின் சான்ரெமோ ரலியில் வென்று, உலக ரலித் தொடரில் ஒரு சுற்றை வென்ற முதற் பெண் ஆனார். 1982 இல் ஐவரி கோஸ்ற் ரலி தொடங்கும் வேளையில் அவரின் தந்தை இறந்துபோனார். தாய் ஓடச் சொன்னார், ஓடினார். அந்த ரலியை அவரால் முடிக்க இயலவில்லை. அந்த வருட உலகப் பட்டத்தில் இரண்டாம் இடமே கிடைத்தது. ஆனால் 1985 இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றத்தில், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமும் 156 வளைவுகளும் கொண்ட பாதையில், ஆண்கள் எல்லோரையும் முந்தி முதலாவதாக வந்தார்.

அண்ணே கேட்டுவிட்டு, "பக்கத்து சீட்டுல இருந்தவங்கதானே ரோட்ட நல்லாப் பாத்திருப்பாங்க" என்றார்.

இந்தப் பந்தயங்களின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தனர். வேகம் பழகும் இடத்திற்கும் மனிதர் நிற்கும் இடத்திற்கும் நடுவே போதிய தூரம் இருக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று வந்தாலும் அண்ணே வாகனத்தை நிறுத்திவிடுவார். மைதானத்தில் பழகிய வேகத்தைப் பொது வீதிக்குக் கொண்டுவரவும் கூடாது. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா, ரதெல்லைப் பாதையில் பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தது எங்கள் எல்லோர் மனதிலும் இருக்கிறது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் போட்டு இயந்திரத்தாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தொடர்ந்து பிறேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவர் இடம்விட வேண்டும். மூடுபனியில் வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டும். உயர்த்தினால் பனிதான் வெளிச்சமாகும், பாதை அல்ல.

திரும்பிய பாதை

அன்று பின்னேரம் நுவரெலியாவிலிருந்து நானே ஓட்டினேன். லிந்துலையில் மூடுபனி இறங்கியது. பின்னால் லொறி ஒன்று உறுமியது. உள்ளங்கை வியர்த்தது. அது இன்றும் வியர்க்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கண் தன் வேலையைச் செய்தது. நேரில் பிறேக், பிறகு திருப்பம், பிறகு ஏற்றம். இடமிருந்த ஓரிடத்தில் ஒதுங்கி லொறிக்கு வழிவிட்டேன். போகும்போது அந்தச் சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்து நன்றி சொன்னார். அம்மாயி பார்க்காமல் போன பாதையை வளைவு வளைவாக நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்தத் தாயையும் குழந்தையையும் மறுபடியும் ஏற்றிப் போனேன். அந்த ஏற்றத்தில் அவர் என் கையைப் பார்த்தபடி இருந்தார். லய வாசலில் இறங்கும்போது, "எனக்கும் பழக்குவீங்களா மிஸ்?" என்று கேட்டார். பழகுநர் அனுமதிப்பத்திரத்துக்கு இப்போது அவருக்குப் படிவம் நிரப்பிக் கொண்டிருக்கிறோம்.

சகோதரிகளே, நம்மில் பலர் முச்சக்கரவண்டி ஓட்டவோ, தையல் கடை வைக்கவோ, வங்கியில் தனியே போய்ப் பேசவோ தொடங்கி, முதல் பிழையோடு விட்டிருக்கிறோம். நமக்குத் திறமை இல்லாததால் அல்ல. பிழை விட்டால் அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டிய இடங்களில் மட்டுமே நாம் வாழ்ந்து வந்திருக்கிறோம். எதைப் பழகுவதென்றாலும் முதலில் ஒரு மைதானத்தைத் தேடிக்கொள்ளுங்கள். திட்டாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். அங்கே விழுவது டின் மட்டும்தான். நிமிர்த்தி வைத்துவிட்டு இன்னொரு தடவை ஓடலாம்.